முடிவுகள்: 0

பிப்ரவரி 4, சனி

எங்கள் இணையதளம் புதிய சர்வருக்கு மாறியாகிவிட்டது. காலை ஏழு மணிக்குத் தொடங்கி பதினொன்றரைக்கு முடிந்தது. மெஹர் அக்கா வீட்டிலிருந்து கேசரி கொண்டுவந்திருந்தார்.

இந்த நோட்டை எழுதச் சொன்னது நாச்சியப்பன் சார். மாற்றம் நடக்கும் மாதங்களில் என்ன செய்தோம் என்று தேதி போட்டு எழுதிவைத்தால், நாளைக்கு வேறு யார் இந்த நாற்காலிக்கு வந்தாலும் புரியும் என்றார். சரி என்றேன். ஆகவே தெரியாதவர் படிப்பதாக நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

எங்கள் அறக்கட்டளைக்கு மதுரையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இரண்டு அறை. காணாமற்போனவர்களின் விவரங்களை இணையத்தில் போடுகிறோம். சார் நிர்வாகி, வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். மெஹருன்னிசா அக்கா போன் எடுப்பார். கணினி முழுக்க நான், ஜெசிந்தா.

ஒருவருக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தமிழிலேயே ஒரு முகவரி. தளத்தின் பெயருக்குப் பிறகு ஒரு சாய்கோடு, 'தேடல்', இன்னொரு சாய்கோடு, ஆளின் பெயர், சிறுகோடு, எண். குடும்பத்தார் ஒட்டும் போஸ்டரில் படத்துக்குக் கீழே அந்த முகவரி மட்டும்தான் இருக்கும். போன் நம்பர் போடுவதில்லை. முன்பு போட்டபோது ஏமாற்றுக்காரர்கள் அழைத்து, ஆள் எங்களிடம் இருக்கிறார் என்று கதை சொன்னார்கள். இப்போது குடும்பத்தாரின் நம்பரும் எங்கள் நம்பரும் அந்தப் பக்கத்துக்குள் இருக்கின்றன. முகவரியைத் தட்டி உள்ளே வந்தால்தான் தெரியும்.

வீட்டில் வாஷிங் மெஷின் தண்ணீரை வெளியே விடுவதில்லை. வாளியால் மொண்டு ஊற்றினேன்.

பிப்ரவரி 6, திங்கள்

சார் மகிழ்ச்சியாக இருக்கிறார். பழைய சர்வரில் வாரத்துக்கு முந்நூறு தடவையாவது 'பக்கம் இல்லை' என்று பிழை விழும். இரண்டு நாளாக ஒன்றுகூட இல்லை.

காரணத்தை எழுதிவைக்கிறேன். யாராவது ஒரு முகவரியைத் தட்டினால், சர்வரிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரியாகப் பார்க்கும். இந்த முகவரி இந்த வரிக்குப் பொருந்துகிறதா, இல்லையா. முதலில் எது பொருந்துகிறதோ அங்கே அனுப்பும். எதுவுமே பொருந்தாவிட்டால்தான் பிழை. இப்போது பட்டியலின் கடைசியில் ஒரு வரி சேர்க்கப்பட்டிருக்கிறது. எதற்கும் பொருந்தாமல் வருவதையெல்லாம் அது முகப்புப் பக்கத்துக்கு அனுப்பிவிடும். 'பக்கம் இல்லை' என்று பார்த்தால் வருகிறவர்கள் மனம் விட்டுப்போகிறார்கள் என்பது சாரின் எண்ணம். சர்வர் தானாக எழுதிவைக்கும் பதிவேடான லாக்கில் அதுவும் 'எல்லாம் சரி' என்றே பதிவாகும்.

இன்னொரு மாற்றம். முன்பு முகவரியில் கடைசியில் உள்ள எண்ணை மட்டுமே பார்ப்போம், பெயர் எப்படி இருந்தாலும் பக்கம் திறக்கும். போன நவம்பரில் எவனோ ஒரு பெண்ணின் எண்ணுக்கு முன்னால் கெட்ட வார்த்தையைச் சேர்த்து, அந்த லிங்க்கை வாட்ஸப்பில் பரப்பினான். பக்கம் திறந்தது. அந்தப் பெண்ணின் அப்பா மாடிப்படியில் உட்கார்ந்து அழுதார். அதனால் இப்போது பெயரும் எண்ணும் இரண்டுமே அச்சாகப் பொருந்தினால்தான் திறக்கும்படி மாற்றப்பட்டிருக்கிறது.

பிப்ரவரி 15, புதன்

வாஷிங் மெஷின்காரர் வரவில்லை. ஓசூரில் வேலை பார்க்கும் என் கணவர் அருள் போன் செய்தார். ஷிஃப்ட் மாறிவிட்டதாம், இந்த வாரமும் மதுரைக்கு வர முடியாது.

பிப்ரவரி 24, வெள்ளி

வாராந்திர அறிக்கை. பிழை: 0. ஆட்களின் பக்கங்களைத் திறந்து பார்த்தவர்கள் பாதிக்கு மேல் குறைவு. முகப்புப் பக்கம் பார்த்தவர்கள் அதிகம். பரீட்சை நேரம் என்று காரணம் எழுதினேன். சார் கையெழுத்துப் போட்டார்.

மாலை சிலுவைப்பாதைக்குப் போனேன். முட்டி போட்டு எழுந்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டது.

மார்ச் 7, செவ்வாய்

சின்னமனூரிலிருந்து கொடியரசன் என்பவர் வந்தார். வயது இருபத்தாறு, பால் வேன் ஓட்டுகிறார். அவருடைய அம்மா சௌந்தரம், வயது ஐம்பத்தொன்று, எங்கள் எண் 3318. போன ஜூனில் மனநல மாத்திரை வாங்க மதுரைக்கு அழைத்துவந்திருக்கிறார். திரும்பும்போது பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கப் போன நேரத்தில் அம்மா எழுந்து போய்விட்டார். அன்றிலிருந்து தேடுகிறார். வார விடுமுறையில் ஒவ்வொரு பேருந்துத் தடமாகப் போய் அவரே போஸ்டர் ஒட்டுகிறார். இதுவரை நானூறு.

"மேடம், முன்னாடியெல்லாம் வாரத்துக்கு ரெண்டு மூணு போன் வரும். முக்காவாசி வேற யாரோவாத்தான் இருக்கும். ஆனா வரும். இப்ப ஒரு மாசமா ஒண்ணுகூட இல்ல. பக்கம் ஏதும் போயிருச்சா?"

என் கணினியில் திறந்து காட்டினேன். அவருடைய போனில் சேமித்துவைத்திருந்த லிங்க்கை அழுத்தினார். அதுவும் திறந்தது. படம், பெயர், அடையாளம் (இடது புருவத்தில் தழும்பு), போன் நம்பர், எல்லாம் சரி.

"நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப ஜனங்க பாக்குறத விட்டுட்டாங்க போல."

டீ குடிக்கச் சொன்னேன். வேன் எடுக்க வேண்டும் என்று போய்விட்டார்.

மார்ச் 13, திங்கள்

மெஹர் அக்கா சொன்னார்: "ஜெசி, போன் செத்துப் போச்சான்னு எடுத்து எடுத்துப் பாக்குறேன். காலையிலேர்ந்து ரெண்டே போனுதான்."

சிலிண்டர் புக் செய்ய வேண்டும்.

மார்ச் 17, வெள்ளி

மதியம் ஒரு அம்மாவின் போனை மெஹர் அக்கா என்னிடம் கொடுத்தார். கௌசல்யா என்ற பெண்ணின் அக்கா. இரண்டு வருடமாகத் தங்கையைத் தேடுகிறார்.

"புது போனு வாங்குனேன்மா. போஸ்டரப் பாத்து அப்படியே தட்டுறேன். எத்தன வாட்டி தட்டுனாலும் உங்க மொதப் பக்கந்தான் வருது. தங்கச்சி வரல."

தட்டியதைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். அனுப்பினார். ஒரு பிழையும் இல்லை. எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. நான் அதையே என் கணினியில் தட்டினேன், திறந்தது. அவரிடம், தட்டியதை நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள் என்றேன். அவர் அனுப்பியதை ஒட்டிப் பார்த்தேன். முகப்புப் பக்கம் வந்தது.

ஒரே திரையில் இரண்டு முகவரியையும் மேலும் கீழுமாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த வித்தியாசமும் தெரியவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை.

மார்ச் 18, சனி

கண்டுபிடித்தேன்.

'கௌ' என்பதைக் கணினியில் இரண்டு விதமாகக் கொண்டுவரலாம். ஔகாரக் குறியை அழுத்தினால் அது ஒரே குறி. பழைய தட்டச்சுப் பழக்கம் உள்ளவர்களும் சில போன் கீபோர்டுகளும் அப்படிச் செய்வதில்லை. ஒற்றைக்கொம்பைப் போட்டு, 'க' போட்டு, பக்கத்தில் 'ள' என்ற எழுத்தைப் போட்டுவிடுவார்கள். படிக்கிறவருக்கு இரண்டும் ஒன்று. சர்வர் படிப்பதில்லை, குறிகளை ஒப்பிடுகிறது. அதற்கு இரண்டும் வேறு வேறு சொல். அந்தப் பெயரில் ஆள் இல்லை. பட்டியலில் அடுத்த வரி, அதற்கடுத்த வரி, கடைசி வரி. முகப்பு.

இது மட்டுமில்லை. ன, ண மாற்றித் தட்டியவர்கள், பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் தட்டியவர்கள், அப்பா பெயரின் முதலெழுத்தையும் சேர்த்துத் தட்டியவர்கள், எல்லோரும் முகப்புக்குத்தான் போயிருக்கிறார்கள். பழைய சர்வரில் இவர்கள் எல்லோருக்கும் பக்கம் திறந்திருக்கும், ஏனென்றால் அது எண்ணை மட்டும் பார்த்தது. லாக்கில் ஒரு பிழையும் இல்லை, ஏனென்றால் முகப்புப் பக்கம் ஒழுங்காகத் திறந்தது.

பிப்ரவரி 6-ஆம் தேதி பக்கத்தில் 'மாற்றப்பட்டிருக்கிறது' என்று எழுதியிருக்கிறேன். மாற்றினது நான். பெயரும் பொருந்த வேண்டும் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கடைசி வரி சார் கேட்டது. ஆனால் அதையும் எழுதினது நான்தான்.

எண்ணை மட்டும் பார்க்கும்படி திருப்பினேன். பெயர் வேறாக இருந்தால் பக்கம் திறக்கும், ஆனால் முகவரி தானாகச் சரியான பெயருக்கு மாறிவிடும். கெட்ட வார்த்தை நிற்காது. நவம்பரிலேயே இதைச் செய்திருக்கலாம். பதினோரு நிமிட வேலை.

கௌசல்யாவின் அக்காவுக்குப் போன் செய்தேன். "இப்ப வர்றா" என்றார்.

மார்ச் 20, திங்கள்

பிப்ரவரி 4 முதல் முகப்புக்குத் தள்ளப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். வெற்று முயற்சிகளையும் தானியங்கி வருகைகளையும் கழித்துவிட்டால், 412 தடவை. 61 ஆட்களைத் தேடி.

அதில் 3318-க்கு 31 தடவை. இருபத்து மூன்று தடவை ஒரே போன். முதலில் பிப்ரவரி 9.

அந்த போன் முகப்புக்கு வந்த பிறகு என்ன செய்தது என்று பார்த்தேன். 'தொடர்புக்கு' பக்கத்தைத் திறந்திருக்கிறது. அங்கே எங்கள் நம்பர் இல்லை, ஒரு படிவம் மட்டும்தான்; அது மின்னஞ்சல் முகவரி இல்லாமல் போகாது. விட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறது. முகப்பில் எழுதுவதற்கு இருக்கும் ஒரே இடம் தேடல் கட்டம். பெயரோ ஊரோ போட்டுத் தேடுவதற்காக வைத்தது. அதில் தட்டுவதெல்லாம் ஒரு தனி லாக்கில் சேரும். இதுவரை நான் அதைத் திறந்து பார்த்ததில்லை.

அப்படியே எழுதுகிறேன். ஊரின் பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

பிப். 9. செளந்தரம். முடிவுகள்: 0
பிப். 9. செளந்தரம் 3318. முடிவுகள்: 0
பிப். 11. காணவில்லை செளந்தரம் புருவத்தில் தழும்பு. முடிவுகள்: 0
பிப். 16. இந்த அம்மா இங்க இருக்காங்க. முடிவுகள்: 0
பிப். 16. ------ பஸ் ஸ்டாண்டு பஞ்சர் கடை பக்கத்துல இருக்காங்க. முடிவுகள்: 0
பிப். 27. கால்ல புண்ணு சீக்கிரம் வாங்க. முடிவுகள்: 0
மார்ச் 8. யாராச்சும் பாக்குறீங்களா. முடிவுகள்: 0
மார்ச் 14. ஆஸ்பத்திரி கொண்டு போயாச்சு. முடிவுகள்: 0

அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

மெஹர் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் நின்றபடியே படித்தார். 'யாராச்சும் பாக்குறீங்களா' என்ற வரியைச் சத்தமாகப் படித்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தப் பையனுக்கு நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

"நீங்க சொல்லுங்க. ஊரு தெரிஞ்சிருச்சுன்னு மட்டும் சொல்லுங்க. நாளைக்குக் காலையில நானும் வர்றேன்னு சொல்லுங்க."

சாரிடம் விடுப்புக் கேட்டேன். எதற்கு என்றார். வீட்டு வேலை என்றேன்.

மார்ச் 21, செவ்வாய்

நெடுஞ்சாலையை ஒட்டிய சிறிய ஊர். கொடியரசன் எனக்கு முன்னாலேயே வந்து பேருந்து நிலைய வாசலில் நின்றிருந்தார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

பஞ்சர் கடை கழிப்பறைக்குப் பக்கத்தில். கடைக்காரர் காஜா மைதீன், ஐம்பது வயது இருக்கும். கொடியரசனைப் பார்த்ததும், யாரும் எதுவும் சொல்வதற்கு முன்பே, "அந்த அம்மா மகனா?" என்று கேட்டார். "மூக்கு அப்படியே இருக்கு."

ஜனவரிக் கடைசியில் அந்த அம்மா அங்கே வந்திருக்கிறார். கடைக்குப் பின்னால் பழைய டயர் அடுக்கி வைத்திருக்கும் நிழலில் உட்கார்ந்துகொள்வாராம். காலையில் டீ, மதியம் இரண்டு பரோட்டா. குருமா ஊற்றினால் சாப்பிட மாட்டாராம். எதிர்ச் சுவரில் போஸ்டர் ஒட்டியிருந்ததை இவர் பிப்ரவரியில்தான் கவனித்தார்.

"தழும்பப் பாத்துத்தான் தம்பி கண்டுபிடிச்சேன். அன்னைக்கே போன்ல போட்டேன். வேற பக்கம் வருது. நாமதான் தப்பாப் போடுறோம்னு நெனச்சேன். கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் போட்டேன். அப்பறம் எங்க வீட்ல போடச் சொன்னேன். அதே பக்கந்தான். சரி, எழுதுற எடத்துல எழுதுவோம், யாராவது படிப்பாங்கன்னு எழுதுனேன்."

பிப்ரவரிக் கடைசியில் உடைந்த பாட்டில் காலில் ஏறியிருக்கிறது. இவர் மருந்து வாங்கிக் கட்டியிருக்கிறார். நூற்றெட்டுக்குப் போன் செய்து வண்டி வந்தபோது அந்த அம்மா கத்திக்கொண்டு சாலையைத் தாண்டி ஓடிவிட்டார். இரண்டாவது முறையும் அப்படியே. மார்ச் 14 அன்று காய்ச்சலில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தபோதுதான் ஏற்ற முடிந்தது.

"பாருங்க தம்பி, எத்தன தடவ" என்று போனை எடுத்துக் காட்டினார். முகவரியை மறுபடி தட்டினார். ஒற்றைக்கொம்பு, ச, ள. ஒவ்வொரு எழுத்தாக, ஆள்காட்டி விரலால்.

பக்கம் திறந்தது. சௌந்தரத்தின் படம் வந்தது.

"இன்னைக்கு வருதே" என்றார் காஜா மைதீன். போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "இது எப்படிம்மா?"

கொடியரசனும் என்னைப் பார்த்தார்.

சரிபண்ணியிருக்கிறோம் என்று மட்டும் சொன்னேன்.

சௌந்தரம் அரசு மருத்துவமனையில் பெண்கள் பிரிவில் இருந்தார். சர்க்கரை நோய் இருந்தது யாருக்கும் தெரியாது. பதினாறாம் தேதி இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டிலின் தலைமாட்டில் 'பெயர் தெரியாதவர்' என்று எழுதி ஒட்டியிருந்தது. கொடியரசன் முதலில் அதைக் கிழித்தார். பிறகுதான் அம்மாவின் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா."

சௌந்தரம் அவரை நிறைய நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "தண்ணி வாங்கிட்டியாடா?" என்றார்.

நான் வராந்தாவுக்கு வந்துவிட்டேன். டாக்டர் அம்மா ஒருவர் கையெழுத்துக்காகக் கொடியரசனைத் தேடிக்கொண்டு வந்தார். அவரிடம் கேட்டேன். எப்போது வந்திருந்தால் கால் தப்பியிருக்கும்? அவர் யோசித்துச் சொன்னார்: "உறுதியாச் சொல்ல முடியாது. ஒரு பத்துநாள் முன்னாடி வந்திருந்தா விரல எடுக்குறதோட முடிஞ்சிருக்கலாம். புண்ணு ஆரம்பத்துலயே வந்திருந்தா அதுவும் வேண்டியிருந்திருக்காது. நீங்க சொந்தமா?"

இல்லை என்றேன்.

மார்ச் 22, புதன்

அலுவலகம் போனேன். சிலிண்டர் வந்தது.

மார்ச் 23, வியாழன்

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். லாக்கின் நகலை மேசையில் வைத்தேன். படித்து முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நீங்க போய்ப் பாத்துட்டு வந்ததும் நல்லது, சரிபண்ணினதும் நல்லது. குடும்பத்துக்கு ஆள் கெடச்சாச்சு. இதுக்கு மேல அவங்ககிட்ட சர்வரு, கொம்பு, காலுன்னு சொல்லி என்ன ஆகப்போகுது ஜெசிந்தா? அவங்களுக்குப் புரியவும் புரியாது."

"புரியும் சார். பஞ்சர் கடை பாய்க்கு அன்னைக்கே புரிஞ்சிருச்சு."

"நாப்பது குடும்பத்துக்கு நம்ம தளத்தால ஆள் திரும்பி வந்திருக்காங்க. ஒருத்தர் போய் ஒரு இடத்துல சொன்னா, நாளைக்கு எவனும் நம்மகிட்ட வரமாட்டான். மத்தவங்களையும் நெனச்சுப் பாருங்க."

நினைத்துப் பார்த்தேன். அவர் சொல்வது முழுக்கத் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அறிக்கையில் 'தொழில்நுட்பக் காரணங்களால் சில பக்கங்கள் தற்காலிகமாகக் கிடைக்கவில்லை' என்று எழுதும்படி சொன்னார். எழுதினேன். அச்செடுத்தேன். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை வைத்துவிட்டு எடுத்துவிட்டேன்.

இந்த நோட்டையும் அவர் படிப்பார். படிக்கட்டும்.

மார்ச் 26, ஞாயிறு

பூசை முடிந்து நேராக மருத்துவமனைக்குப் போனேன். மூன்று மணி நேரப் பயணம். அருளிடம் போனில் எங்கே போகிறேன் என்று சொன்னேன், எதற்கு என்று சொல்லவில்லை. "உன் குரல் என்னமோ மாதிரி இருக்கு" என்றார். பேருந்துச் சத்தம் என்றேன்.

சௌந்தரம் உட்கார்ந்திருந்தார். யாரோ தலை வாரிவிட்டிருந்தார்கள். என்னைப் பார்த்து, "நீ நர்சா?" என்றார்.

"இல்லம்மா. கம்ப்யூட்டர்ல வேல பாக்குறேன்."

"அப்ப ஃபேனக் கொஞ்சம் கூட்டி வையி."

கூட்டி வைத்தேன்.

கொடியரசனை வெளியே வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போனேன். எப்படித் தொடங்குவது என்று வரும் வழியெல்லாம் யோசித்துவைத்திருந்தது எதுவும் வரவில்லை. லாக் தாளைக் கொடுத்துவிட்டேன். அவர் ஒவ்வொரு வரியாக, தேதியோடு படித்தார். நான் என்ன மாற்றினேன், எப்போது மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று சொன்னேன். மார்ச் 7 அன்று அவர் அலுவலகத்துக்கு வந்தபோதே இந்தத் தாளில் ஆறு வரி இருந்தது என்பதையும் சொன்னேன்.

"அன்னைக்கு நீங்க நல்லாத்தான் இருக்குன்னு சொன்னீங்க."

"ஆமா."

"உங்களுக்குத் தெரியாது."

"தெரியாது. தேடிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல."

தாளை நான்காக மடித்தார். மறுபடி பிரித்தார். "அன்னைக்கே பாத்திருந்தீங்கன்னா அம்மாவுக்குக் கால் இருந்திருக்குமா மேடம்?"

"இருந்திருக்கலாம். டாக்டர் உறுதியாச் சொல்லல. இருந்திருக்கலாம்னுதான் சொன்னாங்க."

ஒரு ஆயா எங்களைக் கடந்து குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் போனபிறகு கொடியரசன் சொன்னார்: "நீங்க இப்பக் கெளம்புங்க மேடம். எனக்கு இப்ப உங்கள பாக்க முடியல."

கிளம்பினேன். பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது.

மார்ச் 27, திங்கள்

கையெழுத்துப் போடாத அறிக்கையைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். என்ன மாற்றம், யார் செய்தது, எத்தனை நாள், எத்தனை பேர். என் பெயரை முதல் வரியில் எழுதினேன். சார் படித்தார். குடும்பத்தாரிடம் ஏற்கனவே சொல்லிவிட்டேன் என்பதையும் சொன்னேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். "கடைசி வரி நான் கேட்டதுன்னு இதுல இல்லையே" என்றார். பேனாவை எடுத்து அதை அவர் கையாலேயே எழுதிச் சேர்த்தார். கையெழுத்துப் போட்டார். அதன்பின் அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை.

மார்ச் 31, வெள்ளி

மெஹர் அக்காவும் நானும் மீதி அறுபது குடும்பங்களையும் அழைத்து முடித்தோம். ஐந்து நாள் ஆயிற்று. தேடல் கட்டத்தின் லாக்கில் இன்னும் நான்கு பேர் இதே போல் எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் சொன்னது வேறு ஆள். ஒன்று எங்கே என்று தெரியவில்லை. ஒன்று சரி. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தேங்காய்க் களத்தில் வேலை செய்துகொண்டிருந்த வாய்பேசாத பெரியவர். அவரை அண்ணன் மகன் போய் அழைத்துவந்துவிட்டான். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

சிலர் திட்டினார்கள். ஒருவர் "போனப் போட்டுச் சொன்னீங்களே, அது போதும்" என்றார். திட்டினதைக் கேட்பது சுலபமாக இருந்தது.

ஏப்ரல் 3, திங்கள்

கடைசி வரி எடுக்கப்பட்டது. எடுத்தேன். எதற்கும் பொருந்தாமல் வருகிறவர்களுக்கு இப்போது ஒரு பக்கம் வரும். 'நீங்கள் தேடும் பக்கம் கிடைக்கவில்லை. யாரையாவது பார்த்திருந்தால் இந்த எண்ணுக்குப் பேசுங்கள்' என்று பெரிய எழுத்தில். நம்பர் மெஹர் அக்காவுடையது. மின்னஞ்சல் கேட்பதில்லை. எழுதுவதற்கு ஒரு கட்டமும் இருக்கிறது, அதில் எழுதுவது மெஹர் அக்காவின் போனுக்கு உடனே போகும்.

இந்த வாரப் பிழை: 288. சார் அறிக்கையை வாங்கிவைத்தார்.

ஏப்ரல் 10, திங்கள்

ஈஸ்டருக்கு அருள் வந்திருந்தார். வாஷிங் மெஷினைப் பிரித்துப் பார்த்தார். குழாயில் ஒரு கைக்குட்டை அடைத்திருந்தது. சாப்பிட்டு முடித்து அவர் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது, திரும்பிப் பார்க்காமல், "இப்ப சொல்லு" என்றார். சொன்னேன். முழுக்கச் சொல்ல ஒரு மணி நேரம் ஆனது. தட்டுகள் ஏற்கனவே காய்ந்துவிட்டிருந்தன.

ஏப்ரல் 19, புதன்

காலை பதினொரு மணிக்குக் கொடியரசன் போன் செய்தார். என் நம்பருக்கே செய்தார். திட்டுவதற்கு என்று நினைத்து, எழுந்து மொட்டைமாடிக்குப் போய் எடுத்தேன்.

"மேடம், எங்க அம்மா பக்கத்த எடுத்துட்டீங்களா?"

ஆள் கிடைத்துவிட்டால் ஒரு மாதத்தில் பக்கம் தானாகப் போய்விடும், இன்னும் இரண்டு நாள் இருக்கிறது என்றேன்.

"எடுக்காதீங்க. நேத்து வேன்ல போறேன், ஆண்டிபட்டில ஒரு செவத்துல நான் ஒட்டுன போஸ்டரு அப்படியே இருக்கு. ஒரு பொம்பள நின்னு போன்ல தட்டிக்கிட்டிருந்துச்சு. நானூறு ஒட்டிருக்கேன். அத்தனையும் போய் என்னால கிழிக்க முடியாது. தட்டுறவங்களுக்கு என்னமாவது வரணும்ல?"

"வரணும்."

"அம்மா வந்துட்டாங்கன்னு போடுங்க."

அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறேன் என்றேன். கையில் தாள் இல்லை. உள்ளங்கையில் எழுதினேன். 'சௌந்தரம் வீட்டுக்கு வந்துவிட்டார். தேடியவர்களுக்கு நன்றி.' காஜா மைதீன் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். அவரிடம் கேட்டுவிட்டதாகவும், அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் சொன்னார். போன வாரம் அவர் குடும்பத்தோடு சின்னமனூர் வந்து அம்மாவைப் பார்த்துவிட்டுப் போனாராம்.

"படம் பழசே இருக்கட்டுமா?"

"புதுசு அனுப்புறேன். நாற்காலில உக்காந்திருக்கிறது. இடுப்புக்கு மேல மட்டும் தெரியுற மாதிரி வெட்டிப் போடுங்க. கால் பத்தி ஒண்ணும் போட வேண்டாம். போஸ்டர் பாத்தவங்க நல்லபடியா வந்துட்டாங்கன்னே நெனச்சிக்கட்டும்."

சரி என்றேன். வைத்துவிடுவார் என்று காத்திருந்தேன். வைக்கவில்லை.

"மேடம், அம்மா இப்ப ஊன்றுகோல் வச்சு வாசல் வரைக்கும் நடக்குறாங்க" என்றார். பிறகு வைத்துவிட்டார்.

பன்னிரண்டரைக்குப் படம் வந்தது. சொன்னபடி வெட்டினேன். 3318 என்ற எண் எப்படி வந்தாலும், முன்னால் எந்தப் பெயர் எந்த எழுத்தில் இருந்தாலும், அந்தப் பக்கமே திறக்கும்படி ஒரு வரி எழுதி, பட்டியலில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். காலாவதித் தேதி என்ற இடத்தைக் காலியாக விட்டேன்.